தாளம்பூ ஆடியோ, இங்கதான் கீறேன்

கம்பெனியை உங்கள் கையில் கொடுத்த பிறகு நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பழைய பாட்டுகளின் நடுவே வரும் குழந்தைக் குரலை எடுத்துவிடலாமா என்பது. பாட்டுகளைச் சுத்தம் செய்து யூடியூபில் மறுபடி ஏற்றப் போகிறீர்கள். அந்தக் குரல் இடைஞ்சலாக இருக்கிறது, கேட்பவர்கள் சிரிக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தீர்கள். நானும் ஒரே வரியில் பதில் போடப் பார்த்தேன். சரி என்றும் எழுத வரவில்லை, வேண்டாம் என்றும் எழுத வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் மகன் பரணி காலையிலேயே காஞ்சிபுரம் போயிருக்கிறான். அவன் திரும்பும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

மைக்கை எங்கே வைப்பது, இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தக் குரல் எப்படி வந்தது, ஒரு பாட்டில் அது என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன். படித்த பிறகு நீங்களே யோசியுங்கள்.

நாங்கள் தொடங்கும்போது உத்திரமேரூர் கடைத்தெருவில் ஓர் உரக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. சுவரெல்லாம் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்திக் கட்டியிருந்தோம். பதிவு செய்வது சலீம் பாய். அவர் குடும்பம் கீழே இரண்டு கடை தள்ளிப் பாத்திரக்கடை வைத்திருந்தது. பாடகர்களைத் தேடிப் பிடிப்பது என் கணவர். அட்டையில் வரும் எழுத்து, பாட்டின் சொற்கள், பிழை திருத்தம் எல்லாம் நான். அப்போது நான் வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் டீச்சரம்மா. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத பாட்டுகள்தாம் எங்களுக்கு: கும்மி, அம்மன் வர்ணிப்பு, நடவுப் பாட்டு, கூத்து. கேசட்டில் தொடங்கி, சிடிக்கு மாறி, பிறகு யூடியூப். ஆடி மாதம் வந்தால் சுற்றுவட்டாரத்தில் மைக் செட்காரர்கள் முதலில் போடுவது எங்கள் பாட்டைத்தான்.

கம்பெனிக்குத் தாழம்பூ ஆடியோ என்று பெயர் வைத்தது நான். அதை ஊர் தாளம்பூ என்றுதான் சொன்னது. ழகரம் இங்கே யாருடைய நாக்கிலும் தங்காது.

பாட்டைத் திருடி வேறு பெயரில் விற்கிறார்கள் என்று, பாட்டுக்கு நடுவே கம்பெனிப் பெயரைச் சொல்லும் குரல் ஒன்றை வைப்பது எல்லாச் சின்ன கம்பெனிகளுக்கும் அப்போது வழக்கம். எங்களுக்கு அதைச் சொன்னவன் பரணி. நான்கு வயது. மைக் முன்னால் நிற்க வைத்தால் மெத்தைக்குப் பின்னால் ஓடிவிடுவான். "தாளம்பூ ஆடியோ!" என்று ஒரு முறை கத்திவிட்டு மறைந்துவிட்டான்.

"டேய், எங்கடா கீறே?" என்று அவன் அப்பா கேட்டார்.

மெத்தைக்குப் பின்னாலிருந்து, "இங்கதான் கீறேன்!" என்றான்.

சலீம் பாய் அப்பாவின் கேள்வியை வெட்டிவிட்டு இரண்டையும் ஒட்டினார். தாளம்பூ ஆடியோ, இங்கதான் கீறேன். போட்டுக் கேட்டுவிட்டு இரண்டு ஆண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னொரு தடவ எடுங்க. தாழம்பூன்னு சொல்ல வைக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன்னு சொல்லட்டும். டியூஷன் புள்ளைங்க கேட்டா என்ன நினைக்கும்?"

"அப்டி சொன்னா ரேடியோல நியூஸ் படிக்கிற மாதிரி இருக்கும். உடு," என்றார் கணவர்.

"டீச்சரம்மா, தோரணம் கட்டச் சொன்னா நீங்க இலக்கணம் கட்டறீங்க," என்றார் சலீம் பாய்.

அடுத்த சிடியின் அட்டையில் அச்சகத்துக்காரர் தாளம்பூ என்றே அச்சடித்துவிட்டார். சண்டை போடப் போனேன். "உங்க புள்ளயே அப்டித்தான சொல்லுது? நீங்க இன்னா புச்சா சொல்றீங்க?" என்றார். அன்று வீட்டுக்கு வந்து பரணியை உட்காரவைத்து நாக்கை மடிக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். வாழை, மழை, கிழவி. இரண்டாம் வகுப்புக்குள் சுத்தமாக ழ சொல்லிவிட்டான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது எழுதக்கூட மனம் வரவில்லை.

குரலை எங்கே வைப்பது என்பதற்கு எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. பாடுகிறவர் வாயின் மேல் வைக்கக் கூடாது, அது அவருக்கு அவமரியாதை. அவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து, இருப்பதிலேயே நீளமான இடைவெளியில் வைக்க வேண்டும். சலீம் பாய் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. எங்கள் தவறு அங்கேதான் நடந்தது.

கன்னியம்மா எங்களுக்கு நிறையக் கும்மிப் பாட்டு பாடியவர். ஏரி ஓரக் குடியிருப்பில் வீடு, நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். ஒரே பிள்ளை, ஏழுமலை. மூன்றாம் வகுப்பு படித்தான். ஏரியில் மண் எடுத்துக் குழியாக விட்டிருந்த இடத்தில் மழைத் தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் அதில் இறங்கியிருக்கிறான். அவன் எங்கே போனான் என்று தெரியாமல் ஊரே தேடியது. கன்னியம்மா கரை நெடுக, எங்கடா கீறே, எங்கடா கீறே என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். குரல் போகும்வரை கூப்பிட்டார். மறுநாள்தான் பிள்ளை கிடைத்தான்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து அவரே எங்களைத் தேடி வந்தார். "எம் புள்ளைக்கு ஒண்ணு பாடணும் டீச்சரம்மா. எடுத்துக் குடுங்க," என்றார். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி சொல்லக் கூடாது என்று மெத்தை அறைக்குள் வர மறுத்துவிட்டார். ஏரிக்கரைக்கே கருவியைத் தூக்கிப் போனோம். பறையோ தாளமோ எதுவும் இல்லை.

வரப்பெல்லாம் தேடி வந்தேன், வாய்க்கா மேட்ட ஏறி வந்தேன்,
கால் கடுக்கக் கூவி வந்தேன், கர முழுக்கச் சுத்தி வந்தேன்,
எங்கடா கீறே எம் மவனே.

அந்த வரியோடு நிறுத்திவிட்டார். அழவும் இல்லை. தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். காற்றும் எங்கோ ஒரு பம்பு செட் ஓடும் சத்தமும் மட்டும் பதிவாயின. நெடுநேரம் கழித்து அடுத்த அடியை எடுத்தார்.

சலீம் பாய் சட்டப்படி செய்தார். இருப்பதிலேயே நீளமான இடைவெளியைத் தேடினார், வைத்தார். வெளியிடும் முன் நானும் கேட்டேன், என் கணவரும் கேட்டார். எங்கள் மூவர் காதிலும் அது விழவில்லை. நாள் முழுவதும் ஓடும் மின்விசிறியின் சத்தம் நமக்குக் கேட்கிறதா? பரணியின் குரல் எங்களுக்கு அப்படி ஆகியிருந்தது. உங்கள் வேலையில் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். தினமும் கேட்டுப் பழகிய ஒன்று நம் காதுக்கு இல்லாமலே போய்விடும்.

பாட்டு வெளியான பிறகு ஒரு மத்தியானம் கன்னியம்மாவின் தம்பி வேலு படியேறி வந்தார். கையில் போன். வந்ததும் பாட்டைப் போட்டார்.

எங்கடா கீறே எம் மவனே.

தாளம்பூ ஆடியோ, இங்கதான் கீறேன்!

அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. சலீம் பாய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த புள்ள பாட்டுல வெளம்பரமா?" என்றார் வேலு. "வெளாட்டா கீதா உங்களுக்கு? உங்க வூட்ல ஒரு எழவு உய்ந்தா இப்டித்தான் போடுவீங்களா?"

கீழே உரக்கடைக்காரர்கூட வெளியே வந்து மேலே பார்த்தார். நான் பரணி எங்கே என்று தேடினேன். பள்ளிக்கூடத்தில் இருந்தான். அது எனக்குத் தெரியும். இருந்தும் தேடினேன்.

"அண்ணா, இப்பவே எறக்கிடறேன்," என்று சலீம் பாய் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"இரு பாய்," என்றார் என் கணவர். "அந்தம்மா சொல்லித்தான் ஏத்தினோம். அத கேக்காம எறக்க வேணாம். வேலு, நீயும் வா. உங்க அக்கா செருப்பால அடிச்சா வாங்கிக்கினு வர்றேன்."

கோபமாகக் கத்துகிறவரைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் நாம் எதையாவது செய்துவிடுவோம். பாட்டு யாருடையதோ அவரைக் கேட்க மறந்துவிடுவோம். என் கணவர் அதிகம் படிக்காதவர். பதற்றத்தில் நிதானம் எப்படி இருக்கும் என்று நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கன்னியம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நாங்கள் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லவே விடவில்லை.

"அத்த எடுத்துடாதீங்க," என்றார்.

"கன்னியம்மா, அது தெரியாம நடந்துபோச்சு. அது..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் ஏமாந்து போயிருக்கிறார், பாவம், விளக்க வேண்டும் என்று நினைத்தேன். "அது பரணி கொரல். சின்ன வயசுல எடுத்தது. எல்லாப் பாட்டுலயும் வரும்."

அவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதா டீச்சரம்மா? என் கும்மிப் பாட்டுல பூரா அதான கீது? நான் இன்னா பைத்தியமா?" கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். "கர நெடுக கூப்ட்டேன். ஒரு பதிலு இல்ல. ஊரே நின்னுச்சி, ஒருத்தர் வாயிலயும் பதிலு இல்ல. இப்ப யார் பெத்த புள்ளயோ ஒண்ணு, இங்கதான் கீறேன்னு சொல்லுது. போதும். இருக்கட்டும்."

வேலு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பி வரும் வழியில் என் கணவரிடம் சண்டை போட்டது நான்தான். அந்தக் குரலை எடுக்கச் சொன்னேன். கன்னியம்மாவுக்காக என்று சொன்னேன். அது பொய். உயிரோடு இருக்கும் என் பிள்ளை, இல்லாத ஒரு பிள்ளைக்காகப் பதில் சொல்கிறான் என்பதுதான் என் பயம். "அந்தம்மா கேட்டுக்கிச்சி. இருக்கட்டும்," என்று அவர் முடித்துவிட்டார். பாட்டு இருந்தது. அதிகம் பேர் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்.

பரணி வளர்ந்து கல்லூரிக்குப் போனான். பைக் வாங்கித் தந்தோம். அவன் வெளியே கால் வைத்தால் நான் போன் செய்வேன். "எங்கேப்பா இருக்கே?" "அம்மா, இப்பத்தானே தெருமுனைக்கு வந்தேன்!" நண்பர்கள் நடுவில் அவனுக்கு அது பெரிய கேலி. எல்லா அம்மாவும் கேட்கிற கேள்விதானே என்று நினைத்திருப்பான். நான் அதை எந்தப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன் என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு நாள் அவன் போனை எடுக்கவில்லை. வேறு யாரோ எடுத்தார்கள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி நம் பக்கம் வரும் இடத்தில் லாரி தட்டிவிட்டது. தலையில் அடி. சென்னைக்குக் கொண்டுபோனோம். பிழைப்பானா என்று கேட்டால், பார்க்கலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கன்னியம்மா வேலுவோடு வந்தார். பஸ் மாறி மாறி வந்த களைப்பில் தரையிலேயே உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பாட்டுல கீற உம் புள்ள கொரல எடுத்துடு டீச்சரம்மா. இல்ல, பாட்டையே எடுத்துடு. நான் வாங்கிக்கின பதில திருப்பிக் குடுத்துடறேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது கன்னியம்மா," என்று என் கணவர்தான் சொன்னார். நான் சொல்லவில்லை.

"கீதோ இல்லியோ, எடுத்துடுங்கண்ணா. எனக்கு ஒண்ணு போச்சி. போறும்."

நான் படித்தவள். ஒரு பாட்டுக்கும் ஒரு லாரிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எங்களோடு வந்திருந்த சலீம் பாயைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் அங்கேயே, சுவரோரம் நின்று, போனிலேயே யூடியூபிலிருந்து பாட்டை நீக்கினார். கன்னியம்மா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "நல்லா இருப்பான்," என்றார்.

பரணி பிழைத்தான். நடந்தான். நாம் பேசுவது புரிந்தது. அவனால் மட்டும் பேச முடியவில்லை. சொல் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழி தெரியவில்லை என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் விளக்கினார். அவன் தடுமாறினால் நீங்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள், எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள் என்றார். வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தியவளுக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. அதன் பிறகு கம்பெனியில் எனக்கு மனம் நிற்கவில்லை. உங்களிடம் கொடுத்தோம்.

ஆடி மாதம். பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் மைக் கட்டியிருந்தார்கள். கன்னியம்மாவின் பழைய கும்மிப் பாட்டு. பரணி தட்டின் முன் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான். நடுவில் அந்தக் குரல் வந்தது. தாளம்பூ ஆடியோ. அவன் கை நின்றது. வாய் கோணிக்கொண்டு திறந்தது.

"...கீறேன்," என்றான்.

மாதக்கணக்கில் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல். பழகிப்போன பழைய சொற்கள்தாம் முதலில் வரும் என்று பிறகு சொன்னார்கள். மறுவாரம் முழுதாகச் சொன்னான். தாளம்பூ. நான் நாக்கை மடிக்கக் கற்றுக்கொடுத்த ழ எங்கோ போய்விட்டது. நான் திருத்தவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகும் கன்னியம்மாவின் பாட்டைத் திரும்ப ஏற்றச் சொல்லி நான் சொல்லவில்லை. சலீம் பாயிடம் மூலப் பதிவு இருக்கிறது. நான் சொல்லாமல் அவர் தொடமாட்டார். பயத்தில் எடுத்த முடிவை, பயம் குறைந்ததும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குப் புத்தி சொல்லலாம். எனக்குப் பயம் குறையவே இல்லை, அதுதான் சிக்கல். கன்னியம்மா எங்களைப் பார்க்க வருவார். பரணியின் தலையைத் தடவுவார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வாரம் சலீம் பாய் வந்தபோதுதான் சொன்னார். கன்னியம்மா அவர் கடைக்குப் போயிருக்கிறார். "அந்தப் பாட்டு எந்தப் பழைய போன்லயாச்சும் கீதா பாய்? வெளிய போட வேணாம். ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டுப் போறேன்," என்று கேட்டாராம். அவர் பதில் சொல்வதற்குள், "வேணாம், வேணாம். நான் கேட்டன்னு டீச்சரம்மாவுக்குத் தெரிய வேணாம். அது பயந்துக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. பரணி இன்றுதான் முதல் முறையாகத் தனியாகப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். நானும் வருகிறேன் என்றேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றான். இந்நேரம் வந்திருக்க வேண்டும். இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுப் போன் செய்தேன்.

எடுத்தான். பஸ்ஸின் இரைச்சல், கண்டக்டரின் விசில்.

"எங்கடா கீறே?" என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல் என்று எனக்கே தெரியவில்லை.

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. காஞ்சிபுரமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பஸ் எங்கோ நின்றது, மறுபடி கிளம்பியது. நான் காத்திருந்தேன்.

"ஓரிக்கைல... கீறேன்."

போனை வைத்துவிட்டு சலீம் பாயைக் கூப்பிட்டுப் பதிவை உங்களுக்கு அனுப்பச் சொன்னேன். நாளைக் காலை பரணியை அழைத்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போகிறேன். அவர் சரி என்றால் சொல்கிறேன், ஏற்றுங்கள். மற்ற பாட்டுகளில் குழந்தைக் குரலை உங்கள் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பாட்டில் மட்டும் எதையும் தொடாதீர்கள். அவர் கேட்டுவிட்டு நிற்கும் அந்த மௌனம் உங்கள் காதுக்கு மிக நீளமாகத் தெரியும். அதையும் குறைக்காதீர்கள்.

பஸ் ஓரிக்கையைத் தாண்டி இப்போது பாலாற்றுப் பாலத்தில் ஏறியிருக்கும். நான் நிறுத்தம்வரை போய் நிற்கிறேன்.